செம்பின் நிறமும் லேசரின் நிறமும்: மின்கலப் பற்றவைப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மின்வாகனங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேதியியலின் வரலாற்றையே எழுதுகின்றனர். லித்தியம், கோபால்ட், நிக்கல், 2019ஆம் ஆண்டின் நோபல் பரிசு என்று அது விரிகிறது. ஒரு மின்கலத்தை மற்றொன்றோடு பிணைக்கும் இடம் அவ்வரலாற்றின் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 2008இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா ரோட்ஸ்டரில் 6,831 சிறிய உருளைக் கலங்கள் இருந்தன. ஒவ்வொரு கலத்துக்கும் இரண்டு முனைகள். ஒவ்வொரு முனையும் எங்கேனும் இணைந்தாக வேண்டும். ஆக, குறைந்தது 13,662 இணைப்புகள். பத்தாயிரத்தில் ஒன்று பழுது என்பது பள்ளித் தேர்வில் முதலிடம் பெறத்தக்க விகிதம். இங்கோ அது சராசரியாக வண்டிக்கு ஒரு பழுதுக்கு மேல்.

பழுது என்றால் அறுந்துபோவது மட்டுமன்று. அறுந்த இணைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. அரைகுறையாய்ப் பற்றிய இணைப்பே ஆபத்தானது. அதன் மின்தடை ஒரு மில்லியோம் என்று கொள்வோம். 100 ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே செல்லும்போது அந்தப் புள்ளியில் 10 வாட் வெப்பம் பிறக்கும். மிளகளவு இடத்தில் அவ்வெப்பம் தேங்கும்; அருகிலேயே தீப்பற்றக்கூடிய கரைசலை வைத்திருக்கும் கலம் இருக்கும். எனவே இணைப்பின் வரலாறு என்பது பாதுகாப்பின் வரலாறும் ஆகும்.

கலைச்சொற்களின் வரலாற்றை ஆய்பவன் என்ற முறையில் இந்தப் பொருளுக்குள் நான் நுழைந்தது சொற்களின் வழியேதான். உலோகத்தை உலோகத்தோடு இணைக்கும் தொழிலுக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: பற்றாசு. இரண்டு பொற்கூறுகளுக்கு நடுவே எளிதில் உருகும் மூன்றாவது கலவையொன்றை வைத்து ஊதி இணைப்பர். அந்த மூன்றாவது பொருளே பற்றாசு. அதன் பின்பாதியாகிய ‘ஆசு’ யாப்பிலக்கணத்துக்குள்ளும் புகுந்தது. நேரிசை வெண்பாவில் முதற்குறளின் இறுதிக்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை குறைந்தால் ஓரிரு அசைகளை இட்டு நிரப்புவர். அவ்வசைக்கும் ஆசு என்றே பெயர். ‘பொடிவைத்துப் பேசுதல்’ என்னும் வழக்கும் பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்தது என்பர். இச்சொற்கள் எல்லாவற்றிலும் மூன்றாம் பொருள் ஒன்று இருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இன்று நாம் வெல்டிங் என்றும் பாடநூல்கள் பற்றவைப்பு என்றும் சொல்லும் வேலையில், மின்கலத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அந்த மூன்றாம் பொருள் இல்லை. இரண்டு உலோகங்களும் தாமே உருகித் தாமே இறுக வேண்டும். பழைய சொல்லை நாம் புதிய தொழிலுக்குக் கொடுத்துவிட்டோம். ஆசு மட்டும் காணாமற் போயிற்று. (லேசருக்குச் ‘சீரொளி’ என்றோர் ஆக்கம் உண்டு. நல்ல சொல்தான். ஆயினும் வாசகர் நாவில் ஏறிய லேசரையே இங்குப் பயன்படுத்துகிறேன்.)

மின்கலத்துக்குள் எந்த உலோகங்கள் இருக்கின்றன? லித்தியம் அயனிக் கலத்தில் நேர்முனைப் பொருளைத் தாங்குவது அலுமினியத் தகடு. எதிர்முனைப் பொருளைத் தாங்குவது செம்புத் தகடு. இது யாருடைய விருப்பத் தேர்வும் அன்று. எதிர்முனையின் மின்னழுத்தத்தில் லித்தியம் அலுமினியத்தோடு கலந்து அதைச் சிதைத்துவிடும். நேர்முனையின் மின்னழுத்தத்தில் செம்பு கரைந்துபோகும். ஆகவே ஒவ்வொன்றும் தனக்குரிய பக்கத்தில் மட்டுமே நிலைக்க முடியும். 1991இல் சோனி நிறுவனம் முதல் வணிகக் கலத்தை வெளியிட்டபோதே இந்த இரட்டை ஏற்பாடு அதனுள் இருந்தது. கலங்களைத் தொடராக இணைக்கும்போது ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைச் சேர வேண்டும். எனவே எங்கோ ஓரிடத்தில் அலுமினியமும் செம்பும் சந்தித்தே ஆக வேண்டும். உலோகவியலார் விரும்பாத சந்திப்பு அது. அதற்குப் பிறகு வருவேன்.

இதற்கு முந்தைய மின்கலங்கள் இவ்வளவு தொல்லை தரவில்லை. 1859இல் பிளாந்தே கண்ட ஈயக் கலத்தில் இணைக்க வேண்டியது ஈயத்தை ஈயத்தோடு; 327 பாகை செல்சியசில் உருகும் உலோகம், ஒரு சிறு தீச்சுடரே போதும். பின்னர் வந்த சிறிய உருளைக் கலங்களில் நிக்கல் பட்டைகளை மின்தடைப் பற்றவைப்பால் ஒட்டினர். எலிஹு தாம்சன் 1880களில் உருவாக்கிய முறை அது: இரு தகடுகளை அழுத்திப் பெருமின்னோட்டத்தைச் செலுத்தினால், தடை மிகுந்த இடம் சூடேறி உருகும். நிக்கலுக்குத் தடை ஓரளவு மிகுதி. எனவே முறை வேலை செய்தது. கலங்கள் பெரிதாகி, மின்னோட்டம் மிகுந்து, நிக்கலின் இடத்தில் செம்பு வேண்டியதாயிற்று. செம்பிலோ மின்னோட்டம் சூடேற்றாமலே கடந்து சென்றுவிடுகிறது. எந்தப் பண்புக்காக அவ்வுலோகத்தைத் தேர்ந்தோமோ அந்தப் பண்பே அதை இணைக்கவொட்டாமல் தடுக்கிறது. மெல்லிய தகடுகளை மீயொலி அதிர்வால் தேய்த்து ஒட்டும் முறை இன்றும் கலத்துக்குள் வழக்கில் இருக்கிறது. தடித்த முனைகளுக்கு அது எட்டவில்லை. அவ்விடத்தில்தான் லேசர் அழைக்கப்பட்டது.

லேசரின் வரலாறு பலரும் அறிந்தது. 1917இல் ஐன்ஸ்டைனின் தூண்டல் உமிழ்வுக் கோட்பாடு. 1957இல் கார்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் எழுதிய பெயர். 1960 மே 16ஆம் நாள் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒளிரச் செய்த மாணிக்கக் கல். அந்தக் காலத்தில் லேசரின் வலிமையை எத்தனை சவர அலகுகளைத் துளைக்கிறது என்று எண்ணி, ‘இத்தனை ஜில்லெட்’ என்று ஆய்வாளர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அலகு எஃகால் ஆனது. செம்பால் ஆகியிருந்தால் அந்த வேடிக்கை அவ்வளவு எளிதில் நடந்திராது.

1964இல் இரண்டு லேசர்கள் பெல் ஆய்வகத்திலிருந்து வந்தன. ஒன்று நியோடிமியம் கலந்த யாக் படிகம், 1,064 நானோமீட்டர். மற்றொன்று கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர், 10.6 மைக்ரோமீட்டர். இரண்டாவதை உருவாக்கியவர் குமார் படேல். பாராமதியில் பிறந்து, நான் இப்போது இருக்கும் இதே புனே நகரின் பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றுச் சென்றவர். உலகெங்கும் எஃகை வெட்டவும் பற்றவைக்கவும் பல பத்தாண்டுகள் உழைத்த ஒளி அது. ஆயினும் நம் பல்கலைக்கழக வளாகங்களில் அவர் பெயரைக் கேட்டறிந்த மாணவர் குறைவு என்பதை வருத்தத்தோடு பதிகிறேன்.

ஆனால் படேலின் லேசரைச் செம்பு ஏறத்தாழ முழுவதுமாகத் திருப்பி அனுப்பியது. நூற்றில் ஒன்றிரண்டு பங்கே உள்ளே சென்றது. இதில் ஒரு முரண்சுவை உண்டு: பெருவலிமை கொண்ட அந்த லேசர்களில் ஒளியைத் திருப்பும் ஆடிகளையே செம்பால் செய்தனர். ஆடியைப் பற்றவைக்க ஆடியால் அனுப்பிய ஒளியை ஏவுவது போன்றது அம்முயற்சி.

இதற்கான காரணம் லேசருக்கு அரை நூற்றாண்டு முன்பே தெரிந்திருந்தது. 1900இல் பால் ட்ரூடே உலோகத்தினுள் தடையின்றி உலவும் எலக்ட்ரான்கள் பற்றிய கோட்பாட்டை முன்வைத்தார். 1903இல் பெர்லினில் ஹாகன், ரூபென்ஸ் ஆகிய இருவர் பல உலோகங்களின் மேல் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி அளந்து, மின்னை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவு நன்றாக உலோகம் அவ்வொளியைத் திருப்புகிறது என்று காட்டினர். கடத்தலும் திருப்பலும் அவ்வெலக்ட்ரான்கள் செய்யும் இரு வேலைகள். மின்கடத்தி உலோகம் ஒன்றை அகச்சிவப்பு லேசரால் உருக்க முனைவோர் அனைவரும் ஹாகன்–ரூபென்ஸ் விதியோடுதான் போராடுகின்றனர். அப்பெயர்களை அவர்கள் அறிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதே செம்பு எல்லா ஒளியையும் திருப்புவதில்லை. திருப்பினால் அது வெள்ளியைப் போல வெளுத்திருக்கும். செம்பின் அணுவில் சற்றே ஆழத்தில் அமர்ந்த எலக்ட்ரான்கள் சில உண்டு. ஏறத்தாழ 2 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுடைய ஒளித்துகள் வந்தால் அவை அதை விழுங்கி மேல்மட்டத்துக்குத் தாவுகின்றன. பச்சையும் நீலமும் அந்த வரம்புக்கு மேலே உள்ளன. சிவப்பும் அகச்சிவப்பும் கீழே. எனவே பச்சையும் நீலமும் பெருமளவில் விழுங்கப்பட, சிவப்பு திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. 1,064 நானோமீட்டரில் செம்பு ஏற்பது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. 515 நானோமீட்டர்ப் பச்சையில் ஏறத்தாழ நாற்பது. 450 நானோமீட்டர் நீலத்தில் அறுபதுக்கும் மேல்.

தமிழ் இந்த உலோகத்துக்கு இட்ட பெயரை இப்போது நினைத்துப் பாருங்கள். செம் என்னும் அடியிலிருந்து செம்பு. நிறமே பெயர். திராவிட மொழிகளில் முன்னுயிருக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று, கன்னடத்தில் ககரமாகவே நின்றது: செவி, கிவி. அந்த வாய்பாட்டின்படி தமிழ்ச் செம்பின் உடன்பிறப்பு கன்னடக் கெம்பு. அங்கே அது சிவப்பையும் மாணிக்கத்தையும் குறிக்கும். கெம்புக் கல் என்று நாம் கடன் வாங்கியதும் அதையே. மைமனின் முதல் லேசர் கெம்பு. அதன் சிவப்பொளியைத் திருப்பி அனுப்பியது செம்பு. ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்களுக்கு இப்படியொரு சந்திப்பு நேர்ந்தது தற்செயல்தான். அதிலிருந்து ‘முன்னோர் அறிந்திருந்தனர்’ என்று யாரும் எழுதிவிட வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன்.

வரலாற்றாய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. செம்புக்கு எந்த நிறம் ஒத்துவரும் என்பது கோட்பாட்டளவில் தெரிந்திருந்தும், தொழிற்சாலைகள் ஏன் பல பத்தாண்டுகள் அகச்சிவப்பையே கட்டி அழுதன? என் விடை எளியது: கையில் இருந்த ஒளி அதுதான். வேண்டிய நிறத்தில் வேண்டிய வலிமை இல்லை. எனவே நிறத்தின் குறையை வலிமையால் ஈடுகட்ட முயன்றனர். 1990களில் ஸ்டுட்கார்ட்டில் அடோல்ஃப் கீசன் குழுவினர் வளர்த்தெடுத்த மென்வட்டு லேசரும், ரஷ்ய இயற்பியலர் வாலண்டின் கபொன்த்சேவ் தொழிலாக வளர்த்த இழை லேசரும் அப்பாதையின் இரண்டு பெருங்கிளைகள். இழை லேசர் பல நூறு வாட்டை, ஏன் கிலோவாட்டுகளையும், மயிரிழை அகலப் புள்ளியில் குவிக்க வல்லது. அவ்வளவு செறிவில் செம்பும் பணிந்தது.

பணிந்த விதத்தில்தான் சிக்கல். திண்மச் செம்பு ஒளியை ஏற்க மறுக்கிறது. உருகிய கணத்திலேயே அதன் ஏற்புத்திறன் சட்டென உயர்கிறது. ஆவியாகிக் குழி விழுந்தால் ஒளி அக்குழிக்குள் மோதி மோதி முழுவதும் அடங்கிவிடுகிறது. முதலில் உருக்கப் போதாத ஆற்றல், அடுத்த ஆயிரத்திலொரு நொடியில் மிகைப்பட்டுப் போகிறது. உருகிய துளிகள் தெறிக்கின்றன. தெறித்த துளி ஒன்று கலத்துக்குள் விழுந்தால் அது குறுக்குச்சுற்றுக்கு வித்து. மேற்பரப்பின் நிலையும் தொல்லை தரும்: புளியிட்டு விளக்கிய செம்பும், நாட்பட்டுக் கறுத்த செம்பும் ஒளியை ஒரே அளவில் ஏற்பதில்லை. காலையில் சரியாய் அமைந்த அளவுகள் மாலையில் வேறொரு கட்டுத் தகட்டுக்குப் பொருந்தாமற் போகலாம். போதாக்குறைக்குத் திரும்பிவரும் ஒளி இழை வழியே ஏறி லேசரையே பழுதாக்கக்கூடும்.

பச்சைக்கான வழி 1961இலேயே திறந்திருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழுவினர் மாணிக்க லேசரைப் படிகக்கல் வழியே செலுத்தி, அலைநீளம் பாதியான ஒளியைக் கண்டனர். அந்தச் சான்றாகிய நிழற்படத்தின் சிறு புள்ளியை, அழுக்கு என்று எண்ணி ஆய்விதழின் அச்சுப் பணியில் நீக்கிவிட்டனர் என்பது இயற்பியலர் விரும்பிச் சொல்லும் கதை; அச்சான கட்டுரையில் இன்றும் அந்தப் புள்ளி இல்லை, அதைச் சுட்டும் அம்புக்குறி மட்டும் இருக்கிறது. 1,030 நானோமீட்டரைப் பாதியாக்கினால் 515. கொள்கை எளிது, கிலோவாட் அளவில் படிகம் வெப்பம் தாங்கி நாள்தோறும் உழைக்க வேண்டுமே, அதற்கு 2010களின் பிற்பகுதி வரை ஆயிற்று.

நீலம் இன்னும் விந்தையான வழியில் வந்தது. அகாசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் காலியம் நைட்ரைடைப் பழக்கி நீல ஒளியைப் பெற்றது விளக்குக்காக. நகமுரா 1990களின் நடுவில் அதையே லேசராக்கியபோது எதிர்பார்த்த சந்தை ஒளிவட்டுகள். செம்பைப் பற்றவைப்பது பற்றி அப்போது யார் எண்ணியிருப்பர்? ஒரு சில வாட் மட்டுமே தரும் அவ்விருமுனையங்கள் பலவற்றின் கற்றைகளை ஒன்றாக்கிக் கிலோவாட் எட்டியது ஏறத்தாழ 2018க்குப் பிறகே. ‘தேவையே கண்டுபிடிப்பின் தாய்’ என்று தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோருக்கு இது சங்கடமான சான்று. தேவை ஓரிடத்தில் காத்துக்கொண்டிருந்தது. விடை வேறொரு தேவைக்காக வேறிடத்தில் வளர்ந்தது.

நீலம் வென்றது என்று இக்கதையை முடிப்பது நிறுவனங்களின் விளம்பரத் தாள்களுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. அகச்சிவப்பு அணியும் வாளாவிருக்கவில்லை. கற்றையைச் சிறு வட்டங்களாய்ச் சுழற்றியும், நடுவே செறிந்த புள்ளியும் சுற்றிலும் வளையமுமாகப் பிரித்துத் தந்தும் தெறிப்பைப் பெரிதும் அடக்கினர். நீலக் கற்றை அவ்வளவு நுண்மையாகக் குவிவதில்லை என்பதால் ஆழமான இணைப்புக்கு அகச்சிவப்பே பலவிடங்களில் தொடர்கிறது. அலுமினியத்துக்கோ நிறமாற்றத்தால் பெரும்பயன் இல்லை. அதன் வெண்மை அனைத்து நிறங்களையும் ஏறத்தாழ ஒன்றாய்த் திருப்புவதன் விளைவு. அதன் தொல்லை வேறு: 660 பாகையில் உருகும் உலோகத்தின் மேல் 2,000 பாகைக்கு மேலும் உருகாத ஆக்சைடுத் தோல், உருகிய உலோகத்தில் கரைந்து, இறுகும்போது குமிழ்களாய்ச் சிக்கும் ஹைட்ரஜன்.

இனி அந்த விரும்பத்தகாத சந்திப்பு. செம்பும் அலுமினியமும் சேர்ந்து உருகினால் வெறும் கலவையாக நிற்பதில்லை, சேர்மங்களாகின்றன. இரண்டு அலுமினியத்துக்கு ஒரு செம்பு, ஒன்றுக்கொன்று, நான்குக்கு ஒன்பது என்று பல விகிதங்களில். இரண்டு உலோகங்களும் வளையக்கூடியவை, நன்கு கடத்துபவை. பிறக்கும் சேர்மங்களோ கண்ணாடிபோல் நொறுங்குபவை, தடை மிகுந்தவை. இலக்கணம் பயின்றவர் இதை விகாரப் புணர்ச்சி என்று சிரிக்கலாம்: நிலைமொழியும் வருமொழியும் நலமே, இடையில் தோன்றியது தொல்லை. ஆகவே பற்றவைப்போர் இங்கு நாடுவது கூடுமானவரை இயல்பு புணர்ச்சியை. மேல் தகட்டை உருக்கிக் கீழ்த் தகட்டைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, சேர்மப் படலத்தைச் சில மைக்ரோமீட்டருக்குள் அடக்குகின்றனர். நிக்கல் பூசிய செம்பைப் பயன்படுத்துவதும் உண்டு. பழைய ஆசு வேறு உருவில் திரும்பிவிட்டது எனலாம்.

அந்தச் சில மைக்ரோமீட்டரை யார் பார்ப்பது? கையால் பற்றவைக்கும் தொழிலாளி கறுப்புக் கண்ணாடி வழியே உருகுகுளத்தைப் பார்த்தார், ஒலியைக் கேட்டார், தவறினால் கை திருத்தியது. திருச்சிராப்பள்ளியில் 1975இல் பாரத மிகுமின் நிறுவனம் தொடங்கிய வெல்டிங் ஆய்வு நிறுவனம் அக்கைத்திறனைச் சுற்றி வளர்ந்த அறிவுமரபுக்குச் சான்று. இந்தூரில் 1984இல் தொடங்கி இன்று ராஜா ராமண்ணா பெயர் தாங்கும் மையம், யாக் லேசர்களை இந்நாட்டிலேயே செய்து அணுமின் நிலையங்களின் வெட்டுப்பணிக்கும் பற்றவைப்புப் பணிக்கும் அனுப்பியது. மின்கல ஆலையிலோ ஓர் இணைப்பு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடுகிறது. மனிதக் கண்ணுக்கு அங்கே வேலையில்லை. ஒளியுணரிகளும், குழியின் ஆழத்தைக் குறுக்கீட்டு முறையில் அளக்கும் கருவிகளும் கண்ணின் இடத்தில் அமர்ந்துள்ளன. மேலே அழகாய்ப் பற்றியதுபோல் தோன்றிக் கீழே இடைவெளி விட்டிருக்கும் பொய்ப்பற்று இன்னும் அவற்றுக்குச் சவால்தான்.

2021இல் நடுவண் அரசு 50 ஜிகாவாட் மணிநேரக் கல உற்பத்திக்காக 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. கலங்களின் வேதியியல் பற்றி அப்போது நடந்த விவாதங்கள் நிறைய. இணைப்பின் அளவுகள், அதாவது எந்த வேகம், எந்தச் சுழற்சி, எந்த வலிமை என்பன, வேதியியலைப் போல ஆய்விதழ்களில் கிடைப்பவை அல்ல. ஆலைகள் அவற்றை மறைபொருளாகக் காக்கின்றன. எந்திரத்தை இறக்குமதி செய்யலாம். அதை எப்படி இயக்குவது என்ற அறிவு தனியே பெறப்பட வேண்டும். நம் பொறியியல் பாடத்திட்டங்களில் பற்றவைப்பு என்றால் இன்னும் பெரும்பாலும் எஃகுதான்.

மற்றொரு கணக்கும் மீதமிருக்கிறது. பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இல் வந்துவிட்டன. உற்பத்தியாளரே பழைய மின்கல அடுக்கைத் திரும்பப் பெற்று உலோகங்களை மீட்க வேண்டும். திருகாணியால் இணைத்ததைத் திருகிக் கழற்றலாம். ஈயத்தைச் சுடரால் உருக்கிப் பிரிக்கலாம். லேசரால் பற்றவைத்த முனையை அறுத்தோ அரைத்தோதான் பிரிக்க முடியும். எனவே ஆயிரக்கணக்கான கலங்களில் ஒன்று மட்டும் நலிந்தாலும் அதை மாற்றுவது அரிதாகி, பெரும்பாலும் முழுத் தொகுதியும் அரவைக்குப் போகிறது. அரவையின் முடிவில் செம்புத் துகளும் அலுமினியத் துகளும் தனித்தனியே சலித்தெடுக்கப்படுகின்றன. இரண்டும் ஒன்றாய் உருகி இறுகிய துணுக்குகள் மட்டும் எந்தக் குவியலிலும் தூய்மையாய்ச் சேர்வதில்லை.